பதினொரு செத்த சொற்களும் பெரியாயியின் மனுவும்

நேற்று மாலை வாசகசாலை ஆண்டு விழாவில் நான் பேசியதை ஏட்டில் எழுதித் தரும்படி தலைவர் கேட்டிருக்கிறார். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். கைதட்டாத இடத்தில் கைதட்டினார்கள் என்று எழுத மாட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்த இடத்தை மறைக்கவும் மாட்டேன். இடையிடையே சபையில் எழுந்த குரல்களும் என் காதில் விழுந்தபடியே இதில் இருக்கின்றன.

இப்படிக்கு, பதுளைக் கடைவீதி தங்கராஜா மகள் பரிமளம்.

*

தலைமைப் பீடத்தில் தமிழின் தண்மையோடு வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய கதிர்காமநாதன் ஐயா அவர்களே, பகலெல்லாம் கடையில் நின்று கால் நொந்த பின்னும் தமிழைக் கேட்க வந்து அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களே, மலையையும் மழையையும் ஒருங்கே கடந்து ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்தும், ரயிலேறி ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் தோட்டத்து அண்ணன்மாரே, அதோ அந்தத் தட்டிக்குப் பின்னே அமர்ந்து, முகம் தெரியாவிட்டாலும் வளையல் ஒலியால் எனக்கு வாழ்த்துச் சொல்லும் தாய்மாரே, உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

பதினைந்து வயதுப் பெண் மேடையேறலாமா என்று இந்த ஒரு வாரமாகக் கடைவீதியில் விவாதம் நடந்தது. ஏறியாயிற்று. இனி விவாதிப்போர் நான் இறங்கிய பின் தொடரலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலத்தில் செத்துப்போன இலத்தீன் வழிச் சொற்கள்.

("தமிழ்ச் சங்கத்துல இங்கிலீசுக்கு எழவு கொண்டாட வந்திருக்கியா, தாயி?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சபை சிரித்தது.)

ஆமாம் ஐயா, இழவுதான். அழ ஆளில்லாத இழவு. அதனால்தான் வந்தேன். யாருமற்ற பிணத்துக்கும் நாலுபேர் தோள் கொடுக்கும் ஊரல்லவா நம் ஊர்? சொல்லுக்குக் கொடுக்க மாட்டோமா?

கேளுங்கள். என் தகப்பனார் கடையில் சீரகம் சுற்ற, மல்லி சுற்ற, மிளகாய் சுற்றப் பழைய புத்தகங்களை நிறுத்து வாங்குவது வழக்கம். சீமைக்குத் திரும்பிப் போகும் துரைமார் பெட்டி நிறைய விட்டுப் போவார்கள். அப்படி வந்த மூட்டையில் ஓர் அகராதி இருந்தது. அட்டை இல்லை. நான் கண்டுபிடிப்பதற்கு முன்பே எஸ் என்னும் எழுத்துக்கு அப்பால் இருந்தவை எல்லாம் சீரகத்தோடு பதுளை முழுவதும் போய்விட்டன. இங்கே இருக்கும் பல வீடுகளின் அடுப்பில் அவை எரிந்திருக்கும். மிஞ்சியதை நான் என் பாடப்புத்தகங்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலப் பண்டிதர்கள் தம் மொழி ஏழை மொழி என்று வெட்கப்பட்டார்களாம். இலத்தீனிலிருந்து ஆயிரமாயிரமாய்ச் சொற்களை அள்ளி வந்தார்கள். சில பிழைத்தன. பல பிழைக்கவில்லை. பிழைக்காதவற்றின் அருகே அகராதிக்காரர் ஒரு சிறு சிலுவைக் குறி போட்டிருக்கிறார். கல்லறையில் போடுவார்களே, அதே குறி.

பார்த்தீர்களா, எவ்வளவு அழகான பிணங்கள் அவை? 'ப்ளூவியஸ்' என்று ஒரு சொல். மழை மிகுந்தது என்று பொருள். நம் ஊருக்கென்றே பிறந்து, நம் ஊருக்கு வராமலே இறந்த சொல். 'டெரன்சினேட்' என்று ஒன்று. களை பிடுங்குவது. தோட்டத்தில் காலையிலிருந்து மாலை வரை ஆயிரம் பேர் செய்யும் வேலைக்கு ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் கூப்பிடவில்லை. 'ஃபமெலிக்' என்றால் பசித்த. பசி சாகவில்லை, சொல் மட்டும் செத்துவிட்டது. 'நிடுலேட்' என்றால் கூடு கட்டுவது. 'லூகூப்ரேட்' என்றால் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து உழைப்பது. இந்த நாலு காஸ் விளக்கின் கீழே இப்போது நாம் செய்துகொண்டிருப்பது அதுதான்.

இருநூற்று நாற்பது சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். யாரும் கூப்பிடாத பெயர்களை நான் ஒருத்தியாவது கூப்பிடுவேன் என்று நினைத்தேன். குளிக்கும்போது கூப்பிட்டேன், கோலமிடும்போது கூப்பிட்டேன். அதில் பிழையில்லை. பிழை பிறகு வந்தது. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

("சீக்கிரம் சொல்லுங்க, எட்டு மணிக்கு வெளக்க அணைச்சிருவாங்க" என்றது ஒரு குரல்.)

சொல்கிறேன் அண்ணா. மண்டபத்துச் சட்டம் எனக்கும் தெரியும்.

நம் லத்தீப் நானாவை அறியாதவர் இச்சபையில் இல்லை. இரண்டாம் வரிசையில் இருக்கிறார். இருபது வருடமாக எங்கள் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறார். அவரிடம் நடக்கும் ஒரு வழக்கத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுதி முடித்ததும் மனுவை உரக்க வாசிப்பார். எழுதச் சொன்னவர் மட்டுமல்ல, வெற்றிலை வாங்க வந்தவரும் வண்டிக்காரரும் நின்று கேட்பார்கள். வாசித்து முடிந்ததும் ஒருவர் கேட்பார், "புரிஞ்சுதா?" மற்றவர் சொல்வார், "ஒரு எழுத்துப் புரியல." உடனே எல்லோரும் தலையாட்டுவார்கள். "அப்ப நல்லாத்தான் இருக்கு. அனுப்புங்க நானா."

(பெருஞ்சிரிப்பு. லத்தீப் நானாவும் சிரித்தார். "பொய்யில்ல, பொய்யில்ல" என்றார்.)

சிரியுங்கள், நானும் சிரித்தவள்தான். ஐப்பசியில் நானாவுக்குக் கண்வலி வந்தது. அன்று பார்த்து மழையில் நனைந்தபடி பெரியாயி அக்கா வந்தார். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தோட்டம். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே கொழுந்து எடுப்பவர். அவருடைய கணவர் அழகையா அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் யந்திரத்தில் வேலை செய்தவர். சித்திரை மாதம் அந்த யந்திரம் அவருடைய வலது கையை முழங்கையோடு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆட்பதிவேட்டில், அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் லயத்து வரிசை அறையில் தங்கக்கூடாது என்பது அந்தத் தோட்டத்துச் சட்டமாம். பெண்டாட்டி இருக்கலாம், புருஷன் போக வேண்டும். அறை ஒன்று, அடுப்பு ஒன்று, ஆள் மட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. இது என்ன கணக்கு?

அவர் கேட்டது ஒரே ஒரு வரம். நிலமில்லை, நகையில்லை. "எங்க வூட்டுக்காரரு என்னோட இருக்கட்டும்னு எழுதணும். சோத்தக் கூட நான் பெசஞ்சு குடுத்தாத்தான் சாப்புடுறாரு" என்றார்.

நானா கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னார். "எனக்கு எழுத்து மங்கலா ஈக்குது. அந்தப் புள்ள இங்கிலீசுல புலி. அதுட்டச் சொல்லுங்க."

புலி பாய்ந்தது.

கையை யந்திரம் அரைத்தது என்று எழுதினேனா? இல்லை. 'மேன்கேட்' என்று எழுதினேன். கையை ஊனமாக்குதல் என்று பொருள், இறந்து இருநூறு வருடம். அழுகிறேன் என்று எழுதினேனா? இல்லை. கண்ணீருக்குரிய, 'லாக்ரிமபிள்' என்று எழுதினேன். பசியை ஃபமெலிக் ஆக்கினேன், மழையை ப்ளூவியஸ் ஆக்கினேன். கடைசியில் அவர் கேட்ட வரத்துக்கு வந்தேன். கணவன் என்ற எளிய சொல் என் பேனாவுக்குப் போதவில்லை. 'கான்டூபர்னல்' என்று ஒரு சொல் கண்டேன். ஒரே குடிலில் உடன் வாழ்பவர். லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா என்று துள்ளினேன். 'தன் கான்டூபர்னல் தன்னோடு நிடுலேட் செய்ய அருள வேண்டும்' என்று முடித்தேன். ஒரே குடிலில் உடன் வாழ்பவர் தன்னோடு கூடு கட்டி வாழ அருள வேண்டும் என்று அதற்குப் பொருள். பதினொரு செத்த சொற்கள். பதினொன்றையும் உரக்க வாசித்தேன். வண்டிக்காரர் கேட்டார், "புரிஞ்சுதா?" பெரியாயி அக்கா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார், "ஒரு எழுத்துப் புரியலங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலை மேகத்தில் முட்டியது.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாப்பா, நம்ம காயிதத்த தொரை படிச்சிட்டாரு. சிரிச்சு சிரிச்சுப் படிச்சாராம். கிளப்புக்குக் கூட எடுத்துட்டுப் போயி மத்த தொரைமாருக்கும் படிச்சுக் காட்டினாராம். கணக்கப்பிள்ளை சொன்னாரு. தொரை சிரிச்சாருன்னா நல்லதுதானே?"

அவர் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். என் மனுவேதான். பதினொரு சொற்களின் கீழும் சிவப்பு மையால் கோடு. ஒன்பதுக்குப் பக்கத்தில் சரி அடையாளம், இரண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. கீழே இரண்டு வரி. "எழுதியவருக்கு என் பாராட்டுகள். பதினொன்றுக்கு ஒன்பது எனக்குத் தெரிந்தது. மற்ற இரண்டையும் எங்கே பிடித்தீர்கள்?"

கேள்விக்குறி போட்டிருந்த அந்த இரண்டு சொற்கள் எவை என்று நினைக்கிறீர்கள்? ஒன்று கான்டூபர்னல். மற்றது நிடுலேட்.

(இங்கே தட்டிக்குப் பின்னே யாரோ "ஐயோ" என்றார்.)

தாய்மாரே, பெரியோரே, நினைத்துப் பாருங்கள். மழையை அறிந்தார் அந்தத் துரை. பசியை அறிந்தார், கண்ணீரை அறிந்தார், களிப்போடு சரி அடையாளமும் போட்டார். அந்தப் பெண் கேட்ட வரம் இருந்த இடம் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. அதை ஒளித்தது யார்? துரையா? யந்திரமா? இலத்தீனா? இல்லை. இதோ இந்தக் கை. இரண்டு கையும் முழுதாக உள்ள ஒருத்தியின் கை.

காகிதத்தைத் திருப்பினேன், மறுபக்கமும் பார்த்தேன். அழகையா என்ற பெயருக்கு ஒரு பதிலும் இல்லை. வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு என் எதிரே நிற்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல பாப்பா, பழத்தச் சாப்புடு. கனிஞ்சிருக்கு" என்றார். திட்டியிருந்தால் இன்று இந்த மேடை எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

அன்றே இன்னொரு மனு எழுதினேன். அகராதியைத் தொடவில்லை. ஐந்தே வாக்கியம். அதைத் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள்.

"ஐயா, என் கணவர் அழகையா. உங்கள் ஸ்டோரில் உங்கள் யந்திரத்தில் அவருடைய வலது கை போனது. நான் உங்கள் மலையில் கொழுந்து எடுக்கிறேன். என் அறையில் அவர் என்னோடு இருக்க அனுமதி கேட்கிறேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

ஆங்கிலத்தில் இதை உரக்க வாசித்தேன். முடித்ததும் பெரியாயி அக்காவின் முகம் வாடிவிட்டது.

"வேணாம் பாப்பா. பழைய மாதிரியே எழுதிரு."

"ஏன் அக்கா?"

"இஸ்டோருன்னு சொல்ற, மிசினுன்னு சொல்ற, ரூமுங்கிற. எனக்கே புரியுதே. எனக்குப் புரியற பாசைய தொரை எதுக்கு மதிக்கணும்?"

சபையோரே, நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. தனக்குப் புரிந்தால் அது தாழ்ந்தது என்று ஒரு மனுஷியை நினைக்க வைத்தது எது? எத்தனை வருடம், எத்தனை வாசல், எத்தனை முறை கையைக் கட்டி நின்றிருந்தால் இந்த நினைப்பு வரும்?

லத்தீப் நானாவைப் பார்த்தேன். அவர் கண் கட்டை அவிழ்த்து வைத்திருந்தார்.

"அவ சொல்றதுல நியாயம் ஈக்குது மகள்" என்றார். "நா என்ன ஆசைக்கா கனமான இங்கிலீசு எழுதுறேன்? பெரிய மனுசன் மனு குடுத்தா ரெண்டு வரி போதும். அவன் பேரே கனம். இவளுக்குப் பின்னால யாரு ஈக்குறா? ஒருத்தருமில்ல. அதால நா அவளுக்குப் பின்னால அகராதிய நிப்பாட்டுறேன்."

(லத்தீப் நானா தலையைக் குனிந்துகொண்டார். மன்னிக்க வேண்டும் நானா, அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன் என்றேன். "சொல்லு மகள்" என்றார்.)

அன்றுதான் எனக்கு அந்த இருநூற்று நாற்பது சொற்களும் விளங்கின. அவை பாவம். அவற்றின் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை, இன்றும் கூப்பிடுகிறேன். ஆனால் அவை செய்ய முடியாத வேலைக்கு அவற்றை அனுப்பினோம். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் சொல்லை நிறுத்தினோம். தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் இலத்தீனைக் கொடுத்தோம். நாலுபேர் பெரியாயிக்குப் பின்னால் நின்றிருந்தால், கணவன் என்று எழுத எனக்கு ஏன் கூச்சம் வரப்போகிறது? நாம் நிற்காததால்தானே அந்த இடத்தில் நானா அகராதியை நிறுத்தினார்? நாம் பேசாததால்தானே, செத்த மொழி வந்து பேச வேண்டியதாயிற்று?

(சிலர் கைதட்டினார்கள். பெரும்பாலோர் தட்டவில்லை.)

கைதட்ட வேண்டாம் ஐயா. கை வேண்டும். நான் கேட்பது அதுதான்.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் அழகையா அண்ணன் லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. அந்த ஐந்து வாக்கியமும் இன்னும் அனுப்பப்படாமல் இதோ இந்த மேசையில் இருக்கிறது. கீழே வெற்றிடம் விட்டிருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. கனமான சொல் ஒன்றும் அதில் இல்லை. கனத்தைக் கொடுக்க வேண்டியது உங்கள் பெயர்கள்.

("தோட்டத்துச் சரக்கு ஓடர் நின்னுபோனா யாரு பதில் சொல்றது?" என்றது ஒரு குரல். அது யாருடைய குரல் என்று எழுத மாட்டேன், ஆனால் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் குரல்.)

அந்தக் கேள்வி நியாயமானது, அப்பா. இங்கே பலருடைய அரிசியும் பருப்பும் துரைமார் கையெழுத்தில்தான் மலையேறுகிறது. நான் சின்னப் பெண். வியாபாரம் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அரிசியைச் சமைக்கிறவர் பெரியாயி. சாப்பிடுகிறவர் அழகையா. அவர்களில்லாமல் அந்த ஓடர் யாருக்காக?

பெரியாயி அக்கா தட்டிக்குப் பின்னே இருக்கிறார். அழகையா அண்ணன் வாசலில் நிற்கிறார். உள்ளே வர வெட்கம் அவருக்கு. வெட்கப்பட வேண்டியவர் அவரா?

சொற்கள் எப்போது சாகின்றன என்று அகராதியில் தேடினேன். இல்லை. இப்போது எனக்குத் தெரியும். வாய் தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேராத சொல் சாகிறது. கணவர், கை, அறை, அனுமதி. இந்த நாலு சொல்லும் ஒருநாளும் சாகப் போவதில்லை. சாகாத அந்தச் சொற்களுக்குக் கீழே உங்கள் பெயர்களை எழுதுங்கள் என்று கேட்டு, பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுக்காமல் கேள்வி கேட்ட அண்ணன்மாருக்கும், என்னைத் திட்டாத ஒரு தாய்க்கும் நன்றி சொல்லி, வந்தவர் யாவரும் நலமாய் வீடு சேர வணங்கி, இறங்குகிறேன்.

*

பேச்சு முடிந்தது. இனி நடந்தது.

பின்வரிசையில் ஐந்தாறு பேர் எழுந்து வெளியே போனார்கள். முதலில் மேசைக்கு வந்தவர் லத்தீப் நானா. ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த அவர் தமிழில் தன் பெயரை எழுதினார். பிறகு தலைவர் கதிர்காமநாதன் ஐயா. பிறகு தோட்டத்து அண்ணன்மார் வரிசையாக வந்து பெருவிரலில் மை தொட்டுப் பதித்தார்கள். காவற்காரர் எட்டு மணி என்று சொல்லி வாசற்பக்கத்து விளக்குகள் இரண்டை இறக்கி அணைத்தார்.

அப்போது நாலாம் வரிசையிலிருந்து கணக்கப்பிள்ளை ஜெயராசா எழுந்து வந்தார். மனுவைத் துரையிடம் கொண்டுபோனவரும், துரை சிரித்ததைப் பெரியாயி அக்காவிடம் சொன்னவரும், திங்கட்கிழமை அந்த அறைக்குப் பூட்டுப் போட வேண்டியவரும் அவர்தான். நான் பயந்துபோனேன். அவர் காகிதத்தை எடுத்து ஐந்து வாக்கியத்தையும் இரண்டு முறை வாசித்தார்.

"இதுல சிரிக்க ஒண்ணுமில்லயே" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப தொரைக்கு நானே வாசிக்கிறேன். பெரட்டுக் களத்துல, எல்லாரும் கேக்க. இந்தப் பேருகளையும் சேத்து." பேனாவை வாங்கி அவரும் எழுதினார்.

காவற்காரர் மூன்றாவது விளக்கையும் அணைத்துவிட்டு நாலாவதற்கு வந்தார். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி என் தகப்பனார் அந்த விளக்கைத் தானே தூக்கி மேசையருகே பிடித்தார். வாசலைப் பார்த்து, "அழகையா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். தோட்டத்தில் யாரும் அவரை 'வாங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை என்று பிறகு பெரியாயி அக்கா சொன்னார். அழகையா அண்ணன் வந்தார். இடது பெருவிரலில் பெரியாயி அக்கா மை தடவினார். அவர் பதித்தார்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு பெயர். "முப்பத்திரண்டு" என்றார் அப்பா. விளக்கை என் கையில் கொடுத்து, குனிந்து, கடைப் பலகையில் இருப்பதுபோல் முழுப் பெயரையும் எழுதினார்.

காவற்காரர் விளக்கை என்னிடமிருந்து வாங்கி அணைத்தார்.